நடப்பதற்குப் பதினான்கு விநாடி முன்னால்

எடைக்கல் ஏமாற்றினால் ஊர் கண்ணகியைத் தேடி வரும். பெரம்பலூருக்கு முத்திரை ஆய்வாளராக வந்த ஆறு வருடத்தில் தராசு, படி, எண்ணெய் அளக்கிற குவளை என்று எத்தனையோ பொய்களை அவர் பிடித்திருக்கிறார். ஆனால் ஒரு கைக்கடிகாரத்தைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்து, "இதுக்கு முத்திரை போட்டுத் தாங்க" என்று யாரும் கேட்டதில்லை. 2004 ஜூன் பத்தாம் தேதி, வியாழக்கிழமை காலைதான் அது முதல்முறையாக நடந்தது.

வந்தவர்கள் தாயும் மகளும். தாய் வீராயி, முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. விரல்களில் கொட்டைப்பால் பட்ட கருப்பு. மகள் பூங்குழலி, அரியலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் படிப்பவள். அழுது முடித்துவிட்டு வந்த முகம்.

"அம்மா, எம் பொண்ணப் பொய்க்காரின்னு சொல்லிட்டாங்க. இந்த வாட்ச்சு சரியா ஓடுதுன்னு நீங்க ஒரு சீட்டு எழுதிக் குடுங்க, போதும்" என்றாள் வீராயி.

"வாட்ச்சுக்கு முத்திரை போட எங்க சட்டத்துல இடமில்லம்மா. உக்காருங்க. என்ன நடந்துச்சுன்னு பொண்ணே சொல்லட்டும்" என்றார் கண்ணகி.

அலுவலக உதவியாளர் அண்ணாதுரை சோதனைக் கற்கள் இருந்த பெட்டியை மூடிவிட்டு, அழைக்காமலே அருகில் வந்து நின்றார். ஐம்பது வயது. எந்த வழக்கானாலும் விவரம் முடிவதற்குள் அவரிடம் தீர்ப்பு தயாராக இருக்கும். அது பெரும்பாலும் தப்பாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

பூங்குழலி சொன்னாள். எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, வெள்ளி கிரகம் சூரியனின் முகத்தைக் குறுக்கே கடந்தது. நூற்றிருபது வருடத்துக்கு மேல் யாரும் பார்க்காத காட்சி. வெள்ளி சூரியனின் விளிம்பைத் தொடுவது, முழுதாக உள்ளே நுழைவது, போகும்போது மறுபக்க விளிம்பைத் தொடுவது, முழுதாக வெளியேறுவது என்று நான்கு தருணங்கள். அந்த நேரங்களை விநாடி சுத்தமாகக் குறித்து, உலகின் வேறு வேறு இடங்களில் குறித்தவற்றோடு ஒப்பிட்டால், சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம்.

"எங்க டிபார்ட்மெண்டுல ரெண்டு தொலைநோக்கி இருக்குங்க. ஒண்ணு காலேஜ் மொட்டை மாடியில, எங்க கிளாஸ் மகேஷுக்கு. இன்னொண்ணு எனக்கு. ஒருத்தரப் பாத்து ஒருத்தர் எழுதிடக் கூடாதுன்னு, என்னை எங்க ஊர் முந்திரித் தோப்புலயே வெச்சுப் பாக்கச் சொன்னாரு முத்துவேல் சார். வெள்ள அட்டையில சூரியனை விழவெச்சுப் பாத்தேன். நல்லா எழுதினவங்களுக்கு ரெண்டு மாசம் வானாய்வு மையத்துல பயிற்சி. ஆனா நான் எழுதினது எல்லாமே பொய்யின்னு சொல்லிட்டாருங்க."

"ஏன்?"

"வெள்ளி தொடறதுக்கு முன்னாடியே தொட்டுட்டுதுன்னு எழுதியிருக்கேனாம். முதல் தடவை பதினொரு விநாடி முன்னாடி. ரெண்டாவது பதினாலு விநாடி முன்னாடி. கடைசி பதினேழு. ஆனா மூணாவது மட்டும் பதிமூணு விநாடி தாமதம். 'நடக்கறதுக்கு முன்னாடியே பாக்கறதுக்கு நீ என்ன ஜோசியக்காரியா?'ன்னு கிளாஸ்ல வெச்சுக் கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. திங்கக்கெழம பிரின்சிபாலுக்கு லெட்டர் போகுது. ஒரு வருஷம் சஸ்பெண்ட்."

"ஒரு வருசம் நின்னா அதோட அவ படிப்பு நின்னுடும்மா. ஒறவுல மாப்பிள்ளை கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றாள் வீராயி.

கண்ணகி கடிகாரத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு வேறு ஏதோ கேட்டார். "உள்ள நுழைஞ்சப்போ எப்படிம்மா இருந்துச்சு?"

அந்தப் பெண்ணின் முகம் அப்படியே மாறிப்போனது. "சொன்னா நம்ப மாட்டீங்க மேடம். உள்ள வந்த பெறகும் விளிம்ப விட மாட்டேங்குது. கொழாயில கடைசிச் சொட்டு தொங்குமே, அப்படி ஒட்டிக்கிட்டே இருந்துச்சு. எப்ப விட்டுச்சுன்னு சொல்லவே கஷ்டம். அத்தாம் பெரிய சூரியன்ல ஒரு கடுகு மாதிரி. அந்தக் கடுகும் நம்ம பூமி அளவு ஒரு ஒலகம்."

"வாட்ச்ச எப்ப சரி பண்ணினே?"

"அன்னிக்குக் காலையில எட்டு மணிக்கு, தோப்புல நின்னு, ஆலைச் சங்கு ஊதினதும் பட்டனை அமுக்கினேன். விநாடி சுழிக்கு வந்துடும். அதுக்கப்புறம் தொடவே இல்ல."

அதில் வியக்க ஒன்றுமில்லை. அரியலூர்ச் சுற்றுவட்டத்தில் சிமெண்ட் ஆலைச் சங்குக்குத்தான் கடிகாரம் வைப்பார்கள். கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம்கூடச் சங்கை நம்பித்தான்.

மத்தியானச் செய்திக்கு முன் வானொலியில் நேரம் சொல்லும் ஒலி வந்தபோது கண்ணகி அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்கு விநாடி பின்தங்கியிருந்தது.

"பேட்டரி டவுன்! கேஸ் முடிஞ்சுது மேடம்" என்றார் அண்ணாதுரை.

"கடிகாரம் இங்கயே இருக்கட்டும். நாளைக்கும் பாப்போம்" என்றார் கண்ணகி.

வெள்ளிக்கிழமை அதே செய்தி, அதே ஒலி. அதே பதினான்கு விநாடி, ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"பேட்டரி போனா இன்னைக்கு இன்னும் பின்தங்கியிருக்கணும் அண்ணாதுரை. இது நல்லா ஓடுற வாட்ச்சு. ஆனா வைக்கும்போதே பதினாலு விநாடி தப்பா வெச்சிருக்கு. தராசு சரி, தட்டுல மொதல்லயே ஏதோ ஒட்டிக்கிட்டிருக்கு."

"அப்ப சங்கு தப்பு!"

"அதைத்தான் போய்க் கேக்கப் போறோம்."

கல்லூரி ஆலையின் மதிலை ஒட்டியே இருந்தது. ஆய்வகச் சன்னல்களில் சுண்ணாம்புத் தூசி. துறைத்தலைவர் முத்துவேல் மெலிந்த மனிதர், சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. பொய்யைப் பொறுக்க மாட்டாதவர் என்பது பேச ஆரம்பித்ததுமே தெரிந்தது. அப்படிப்பட்டவர்கள் மேல் கண்ணகிக்கு மரியாதை உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு.

"சங்கு தப்பில்ல மேடம். ஆலையில டைம் ஆபீஸ் கடிகாரத்தை தினமும் ரேடியோவுக்கு வைக்கறாங்க. எங்க லேப் கடிகாரத்தையும் அதே சங்குக்குத்தான் வைக்கறோம். பாருங்க" என்று சுவரைக் காட்டினார். கண்ணகி, வானொலிக்கு வைத்திருந்த தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டார். விநாடி பிசகாமல் ஒத்துப்போனது. சன்னலுக்கு நேர் எதிரே, கல் எறியும் தூரத்தில், கட்டடத்தின் உச்சியில் அந்தச் சங்கு தெரிந்தது.

"ஒரே சங்கு. இந்தக் கடிகாரம் சரி, அந்தப் பொண்ணு கடிகாரம் மட்டும் தப்புன்னா என்ன அர்த்தம்? அவ வைக்கவே இல்லைன்னு அர்த்தம். சரி, வாட்ச்சு பின்தங்கியிருந்துதுன்னே வெச்சுக்குங்க. பின்தங்கின வாட்ச்சு எப்பவும் முன்னாடி நேரத்தைத்தான் காட்டும். மூணாவது மட்டும் எப்படித் தாமதமாச்சு? காலையில பின்தங்கி, சாயங்காலம் முந்தி, மறுபடி பின்தங்கற கடிகாரம் உலகத்துல உண்டா?"

கேள்வி நியாயமானது.

"நீங்க எதோட ஒப்பிட்டீங்க சார்?"

முத்துவேல் கரும்பலகையைக் காட்டினார். வானாய்வு மையம் நம் ஊருக்கென்று கணக்கிட்டு அச்சடித்து அனுப்பிய நேரங்களை ஏழாம் தேதியே அவர் தன் கையால் அதில் எழுதிவைத்திருந்தார். நான்கு வரிகள். மூன்றாவது வரியின் கடைசியில் பதினான்கு விநாடி.

"இது மகேஷ் நோட்டு. நாலுமே பலகையோட ஒத்துப்போகுது, ஒரு விநாடி பிசகில்லாம. இப்படி இருக்கணும் அளவுன்னா!"

மகேஷ் ஓரமாக நின்றிருந்தான். உயரமான, கூச்ச சுபாவமுள்ள இளைஞன். கண்ணகி அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சாயங்காலம் மூணாவது தடவை, விளிம்பைத் தொட்டப்போ எப்படி இருந்துச்சு தம்பி?"

"ரொம்பத் தெளிவா இருந்துச்சு மேடம். கோடு போட்ட மாதிரி டக்குன்னு தொட்டுச்சு."

கண்ணகி தலையாட்டினார். பிறகு முத்துவேலிடம், "நாளைக் காலையில எட்டு மணிக்கு முன்னாடி அந்த முந்திரித் தோப்புக்கு வர முடியுங்களா? மகேஷையும் கூட்டிட்டு வாங்க. அச்சடிச்சு வந்த அந்தத் தாளையும் ஃபைல்லேர்ந்து எடுத்துட்டு வாங்க. இப்ப பிரிக்க வேணாம், அங்க வந்து பிரிக்கலாம். திங்கக்கிழமை லெட்டர் போறது போகட்டும், ஒரு காலை நேரம்தானே" என்றார்.

ஜீப்பில் திரும்பும்போது அண்ணாதுரை பொறுக்க முடியாமல் கேட்டார். "மேடம், யாரு பொய்?"

"தாலுகா வரைபடம் ஒண்ணு வாங்கணும். ஆலைக்கும் தோப்புக்கும் நூல் பிடிச்சு நேரா அளந்து சொல்லுங்க. ரோடு வழியா வேணாம், காக்கா பறக்கற வழி."

சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு எல்லோரும் தோப்பில் கூடிவிட்டார்கள். முந்திரி மரங்கள் தாழக் கிளை பரப்பி நின்றன. அவற்றுக்கு நடுவே இருந்த வெட்டவெளியில்தான் பூங்குழலியின் தொலைநோக்கி நின்ற மூன்று குழிகள் இன்னும் மண்ணில் தெரிந்தன. காற்று இல்லை. வடமேற்கில், வெகு தூரத்தில், ஆலைப் புகைபோக்கி வெள்ளைக் குச்சியாகத் தெரிந்தது. அண்ணாதுரை வானொலிப் பெட்டியை ஒரு கிளையில் மாட்டினார்.

"எட்டு மணிக்கு ரேடியோவுல ஒலி வரும். அதே நேரத்துல ஆலையில சங்கு ஊதுவாங்க. நான் எதுவும் சொல்லப் போறதில்ல. எல்லாரும் அவங்கவங்க வாட்ச்சப் பாத்துக்கிட்டு, காதைத் தீட்டிக்குங்க" என்றார் கண்ணகி.

வானொலி ஒலித்தது. கடைசி ஒலி நீண்டு நின்று, எட்டு மணி என்றது.

சங்கு கேட்கவில்லை.

ஒரு விநாடி. இரண்டு. மூன்று. அண்ணாதுரை கண்ணகியைப் பார்த்தார். வீராயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஐந்து, ஆறு. புகைபோக்கியின் பக்கத்தில் வெள்ளை நீராவி ஒன்று முன்பே பீறிட்டு எழும்பி நிற்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. சங்கு அங்கே ஊதிக்கொண்டிருக்கிறது! ஊமைப் படம்போல, சத்தமே இல்லாமல். ஒன்பது, பத்து. ஒரு மைனா கத்தியது. முத்துவேலின் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. பன்னிரண்டு. பதிமூன்று.

பதினான்கில் வந்தது. தோப்பு முழுக்க நிறைந்து, இலைகளுக்குள் புகுந்து, ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும் இறங்கியது அந்தச் சங்கு. பிறந்ததிலிருந்து தினமும் கேட்ட சத்தம்தான். ஆனாலும் அன்று அதை முதல்முறையாகக் கேட்டவர்களைப்போல எல்லோரும் அசையாமல் நின்றார்கள்.

"நேர்கோட்டுல ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கொறச்சல்" என்றார் அண்ணாதுரை. அவருடைய குரல் எப்போதும்போல் இல்லை. "நூல் வெச்சு மூணு தடவை அளந்தேன்."

"இந்த வெயில்ல சத்தம் விநாடிக்கு முந்நூத்தம்பது மீட்டர் ஓடும். பதினாலு விநாடிக்கு நாலாயிரத்துத் தொள்ளாயிரம்" என்றார் கண்ணகி. "சங்கு பொய் சொல்லல. வாட்ச்சும் பொய் சொல்லல. எட்டு மணின்னு சங்கு சொன்ன சேதி இங்க வந்து சேரப் பதினாலு விநாடி ஆச்சு. வந்து சேர்ந்தப்பதான் பூங்குழலி எட்டுன்னு வெச்சா. அதனால அவ வாட்ச்சு அன்னிக்குப் பூராவும் பதினாலு விநாடி பின்னாடி. வெள்ளி தொட்ட நேரத்தை அதுல பாத்தா, முன்னாடியே தொட்ட மாதிரிதான் இருக்கும்."

முத்துவேல் ஒரு முந்திரிக் கிளையைப் பிடித்துக்கொண்டார். "இருபத்திரண்டு வருஷமா ஒலியோட வேகத்தை நடத்தறேன் மேடம். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் குழாயில தண்ணி ஊத்தி அளந்து காட்டறேன். இது எனக்குத் தோணவே இல்லையே!"

"உங்க சன்னலுக்கு எதிர்லயே சங்கு இருக்கு சார். உங்களுக்கு அது உடனே கேட்டுடும். சந்தேகமே வராத எடத்துல உக்காந்திருந்தீங்க."

"சரி, ஒத்துக்கறேன்." அவர் நிமிர்ந்தார். தோற்றாலும் கணக்கை விடுகிற ஆள் இல்லை. "மூணாவது? அது மட்டும் ஏன் தாமதம்?"

"அதுதான் என்னை ரெண்டு நாள் தூங்கவிடல. பதினாலு முன்னாடி இருக்க வேண்டியது, பதிமூணு பின்னாடி இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல இருபத்தேழு. எங்க தொழில்ல எடையை ஒரு சீட்டுலேர்ந்து இன்னொரு சீட்டுக்கு எழுதறப்போ, பக்கத்துப் பக்கத்து இலக்கம் ரெண்டு எடம் மாறிட்டா, வித்தியாசம் எப்பவும் ஒன்பதால மிச்சமில்லாம வகுபடும். இருபத்தேழு வகுபடும். யாரோ ரெண்டு இலக்கத்தை மாத்தி எழுதியிருக்காங்க. பூங்குழலியா? நோட்டுல மூணாவது வரியில அவ எழுதின விநாடியும் இருபத்தேழுதான். திருப்பிப் போட்டா எழுபத்திரண்டு. அப்படி ஒரு விநாடியே கிடையாது. பலகையில இருந்தது பதினாலு. திருப்பிப் போட்டா?"

"நாப்பத்தொண்ணு" என்றாள் பூங்குழலி, மூச்சுவிடாமல்.

முத்துவேல் கையிலிருந்த உறையைப் பிரித்து அச்சடித்த தாளை எடுத்தார். மூன்றாவது வரியை விரலால் தடவினார். நாற்பத்தொன்று என்றுதான் இருந்தது. ஏழாம் தேதி அவசரத்தில் அவர் கைதான் நாலையும் ஒன்றையும் இடம் மாற்றியிருந்தது.

"அப்போ பதினொண்ணு, பதினாலு, பதினாலு, பதினேழு. நாலும் முன்னாடி. சராசரி பதினாலு" என்றார் கண்ணகி. "முதல்ல மூணு குறைச்சல், கடைசியில மூணு கூட. ஏன்னு நீங்கதான் சொல்லணும் சார்."

"விளிம்பு கொஞ்சம் வெட்டுப்பட்ட பெறகுதான் கண்ணுக்குத் தெரியும், அதனால முதல் தொடுகையைத் தாமதமாத்தான் பாப்போம். கடைசியில அது முழுசாப் போறதுக்கு முன்னாடியே கண்ணுலேர்ந்து மறைஞ்சுடும்." முத்துவேல் தாளை மறுபடி உறைக்குள் வைத்தார். "பொய்யா எழுதறவனுக்கு இந்தப் பிசகு வராது. இது கண்ணால பாத்தவளோட பிசகு."

யாரும் மகேஷைப் பார்க்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. தவறாக எழுதிய அந்தப் பலகையோடு ஒரு விநாடி பிசகாமல் ஒத்துப்போன நோட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வெள்ளி அந்த இடத்துக்கு வர இருபத்தேழு விநாடி இருக்கும்போதே, அதைக் கோடு போட்டதுபோல் பார்த்துவிட்டதாகச் சொல்லியிருந்தான் அவன்.

"மகேஷ்" என்றார் முத்துவேல்.

அவன் மறைக்கவில்லை. "காலையிலேர்ந்து வாட்ச்ச கையில பிடிச்சுக்கிட்டுத்தான் சார் நின்னேன். அட்டையில அந்தக் கருப்பு உள்ள வர ஆரம்பிச்சுது. அவ்ளோதான். வாயப் பொளந்து பாத்துக்கிட்டே இருந்துட்டேன். நேரம் குறிக்கணும்ங்கிற ஞாபகமே வரல. ஞாபகம் வந்தப்போ அது உள்ள போயிடுச்சு. சாயங்காலமும் அப்படியேதான் ஆச்சு. சொன்னா சிரிப்பாங்கன்னு பலகையப் பாத்து எழுதிட்டேன். இவ பேரு கெட்டுப்போகும்னு நெனைக்கல. அப்புறம் சொல்ல தைரியம் வரல." அவன் பூங்குழலியின் பக்கம் திரும்பினான். "மன்னிச்சுடு."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது. "கிளாஸ்ல எல்லாரும் சிரிச்சப்போ நீயும் சிரிச்சியே" என்றாள். பிறகு அவன் சொன்னதை நினைத்துப்பார்த்தாளோ என்னவோ, முகத்தில் இறுக்கம் குறைந்தது. "எனக்கும் ரெண்டாவது தடவை அப்படித்தான் மறந்துபோச்சு. எங்கம்மாதான் 'வாட்ச்சப் பாருடி'ன்னு கத்தினாங்க."

முத்துவேல் சட்டைப்பையிலிருந்து பிரின்சிபாலுக்கு எழுதிய கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். கிழித்த துண்டுகளைக் கீழே போடாமல் மறுபடி பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். "கிளாஸ்ல வெச்சுக் கேட்டேன். கிளாஸ்ல வெச்சே மன்னிப்புக் கேக்கறேன்மா. பயிற்சிக்கு உன் பேரத்தான் அனுப்பப் போறேன். நோட்டுல எல்லா நேரத்தோடயும் பதினாலு விநாடி கூட்டி, புதுசா அழகா எழுதிக் குடுத்துடு."

"வேணாம் சார்" என்றாள் பூங்குழலி. "நான் பாத்தது பாத்தபடியே இருக்கட்டும். பிசகைக் கீழ தனியா எழுதறேன்."

இருபது வருடமாக எடைக்கற்களில் முத்திரை குத்தி வந்த கண்ணகிக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. இதைவிட நல்ல அளவு எதையும் அவர் இதுவரை சோதித்துப் பார்த்ததில்லை.

வீராயிக்கு எல்லாமே புரிந்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் அவள்தான் கேட்டாள். "அப்ப ஆலைக்கும் நம்ம தோப்புக்கும் உள்ள தூரம் பூராவும் இத்துனூண்டு வாட்ச்சுக்குள்ள இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சும்மா. அதே வாட்ச்ச வெச்சுத்தான் உங்க பொண்ணு சூரியன் எவ்வளவு தூரம்னு அளக்கப் போறா. பதினஞ்சு கோடி கிலோமீட்டர்."

வீராயி அண்ணாந்து பார்த்தாள். சூரியன் முந்திரி மரங்களுக்கு மேலே ஏறியிருந்தது. கண்ணைக் கூசவைத்த அந்த வெளிச்சத்துக்கு நேராக நிற்க முடியாமல் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் அண்ணாதுரையும் அண்ணாந்து நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடம் எந்தத் தீர்ப்பும் தயாராக இல்லை.

திங்கட்கிழமை கல்லூரியிலிருந்து வானாய்வு மையத்துக்கு ஒரு உறை போயிற்று. அதில் இரண்டு தாள்கள். மகேஷின் தாளில் எண்களே இல்லை. "பார்த்தேன். வியப்பில் நேரம் குறிக்க மறந்துவிட்டேன்" என்று ஒரே வரி. பூங்குழலியின் தாளில் நான்கு நேரங்களும் அடித்தல் திருத்தல் இல்லாமல் அப்படியே இருந்தன. கீழே அவள் எழுதியிருந்தாள்:

"கடிகாரம் பதினான்கு விநாடி பின்தங்கியிருந்தது. காரணம், நான் சங்கிலிருந்து நாலாயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர் தள்ளி நின்றேன்."